கேள்வி நோட்டு: கல்லூரி மாணவர்கள் நடுவே விசுவாசத்துக்குப் பதில் சொல்லும் ஊழியம் – முழுமையான வழிகாட்டி

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, விடுதி மொட்டை மாடியில் ஓர் இரவு என்னிடம் கேட்டான்: "அண்ணா, எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. நீங்க உயிர்த்தெழுதலைப் பத்திப் பேச வந்திருக்கீங்க. கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிக்கும்போதும் அந்தச் சுவர் இருக்குமா?"

என் பையில் பன்னிரண்டு பக்கக் குறிப்பு இருந்தது. காலிக் கல்லறை, சாட்சிகள், ரோமச் சரித்திர ஆசிரியர்கள் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அதையே பேசினேன். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மரியாதையாகக் கடைசிவரை கேட்டான். அடுத்த வாரம் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் வேலை செய்யும் முறையையே மாற்றிக்கொண்டோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இ.யு. (சுவிசேஷ ஐக்கியம்), ஐ.சி.இ.யு. (பல கல்லூரிகள் சேர்ந்த சுவிசேஷ ஐக்கியம்) ஜெபக்குழுக்களை நடத்தும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக நிற்கும் பட்டதாரிகளுக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் ஆசை. இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியமாகிய யு.இ.எஸ்.ஐ. 1954-இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1912-இலேயே, மாணவர் கிறிஸ்தவ இயக்கம் இங்கே இருந்தது. ஆகவே கல்லூரிக்குள் இயேசுவைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதிதல்ல. கேட்கிறவன் என்ன கேட்கிறான் என்று காதுகொடுப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

தொடங்கும் முன்: "உத்தரவு" என்ற சொல்

இந்த ஊழியத்துக்கு அடிப்படையாக எல்லாரும் காட்டும் வசனம் 1 பேதுரு 3:15. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக்கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." நம் பழைய மொழிபெயர்ப்பில் "உத்தரவு" என்றால் பதில். கிரேக்க மூலத்தில் உள்ள "அப்போலோகியா" என்ற சொல், நீதிமன்றத்தில் ஒருவன் தன் தரப்பை எடுத்துச் சொல்வதைக் குறிப்பது. ஆனால் இன்றைய மாணவனின் காதில் "உத்தரவு" என்பது கலெக்டர் போடும் ஆணை. நம்மில் பலர் அந்த அர்த்தத்திலேயே பேசிவிடுகிறோம் என்பதுதான் வருத்தம்.

வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஒருவன் விசாரித்துக் கேட்கிறான். அதற்குப் பிறகுதான் பதில். அந்தப் பதிலும் சாந்தமாக, கேட்டவனுக்கு மரியாதை கொடுத்து வர வேண்டும்.

படி 1: இரண்டு மாதம் கேள்விகளை மட்டும் சேகரியுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் மெஸ்ஸில், லேபில், பஸ்ஸில் காதில் விழும் கேள்விகளை, கேட்டவர் சொன்ன வார்த்தைகளிலேயே அதில் எழுத வேண்டும். "தீமையின் பிரச்சினை" என்று எழுதக் கூடாது. "எங்க அம்மா அவ்ளோ ஜெபம் பண்ணியும் ஏன் செத்தாங்க?" என்று எழுத வேண்டும். கேட்டவரின் பெயர் வேண்டாம். பக்கத்தின் வலது பாதியைக் காலியாக விடுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயர் போடாத சீட்டுகளும் நன்றாக வேலை செய்யும். ஒரு அட்டைப்பெட்டி, சின்னச் சின்னக் காகிதங்கள், நாலு பேனா போதும். கூகுள் ஃபார்மிலும் கேட்டுப் பார்த்தோம். காகிதத்தில் வந்த கேள்விகள்தான் நேர்மையாக இருந்தன. மெயில் ஐடி பதிவாகிவிடுமோ என்ற பயம் காகிதத்தில் இல்லை.

இரண்டு மாதத்தில் ஒன்று புரியும். மேல்நாட்டு விசுவாசத் தற்காப்புப் புத்தகங்களில் முதல் அத்தியாயமாக வரும் "கடவுள் இருக்கிறாரா?" நம் நோட்டில் அவ்வளவாக வராது. வரும்போது அது பெரியாரின் வழியாக, பகுத்தறிவும் சமூக நீதியும் கலந்துதான் வரும். எங்கள் நோட்டில் அடிக்கடி வந்தவை வேறு. "இது வெள்ளைக்காரன் மதம்தானே?" "உங்க சர்ச்சுல சாதி இல்லையா?" "எல்லா சாமியும் ஒண்ணுதானே, நீங்க மட்டும் ஏன் ஒருத்தர்தான்னு சொல்றீங்க?" "காணிக்கை எங்க போகுது?" "மதம் மாறினா எனக்கு எஸ்.சி. சர்ட்டிபிகேட் போயிடுமா?"

கடைசிக் கேள்வியை யாரும் இறையியல் என்று எண்ணுவதில்லை. ஆனால் அதைக் கேட்ட மாணவிக்கு அது வாழ்க்கையே. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை அதற்கு வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதைத் தெளிவாக, மறைக்காமல், அவர்கள் கேட்கும்போதே சொல்லுங்கள். ஞானஸ்நானம் முடிந்த பிறகு தெரிந்துகொள்வதற்கு நாம் காரணமாகக் கூடாது.

படி 2: குழு, இடம், சட்டம்

ஐந்தாறு பேர் போதும். நன்றாகப் பேசுகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் கூட்டம் பட்டிமன்றமாகிவிடும். படிக்கப் பொறுமை உள்ள ஒருவர், பேசாமல் கேட்கத் தெரிந்த ஒருவர், முதல் தலைமுறை விசுவாசி ஒருவர் கட்டாயம் வேண்டும். மாணவிகள் குழுவில் சமமாக இருக்க வேண்டும், டீ ஊற்றுவதற்கு மட்டும் அல்ல. வேலையில் இருக்கும் ஒரு பட்டதாரி அண்ணனோ அக்காவோ துணை நிற்கட்டும்.

கல்லூரி வளாகத்துக்குள் நடத்துவதென்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லையென்றால் பக்கத்தில் ஒரு வீடு, சபைக் கூடம், மாடி அறை. விடுதி அறையில் கதவை மூடிக்கொண்டு நடத்துவது தேவையில்லாத சந்தேகத்தையே கொடுக்கும். டே ஸ்காலர்கள் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், அவர்களுக்காக மதிய இடைவேளையில் அரை மணி நேரம் தனியாக வையுங்கள்.

சட்டத்தையும் குழு தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, ஒருவர் தன் மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் திரும்பப் பெறப்பட்டது, ஆனால் பக்கத்துக் கர்நாடகம் 2022-இல் அப்படி ஒரு சட்டத்தை இயற்றியது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும் எங்கள் குழுவில் இவை விதிகள்: பணமோ, பீஸ் உதவியோ, வேலை சிபாரிசோ கூட்டத்தோடு சேராது. முதலாண்டு மாணவர்களில் பதினெட்டு நிரம்பாதவர்கள் உண்டு, அவர்கள் விஷயத்தில் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது.

படி 3: கையிலிருக்கும் பொய்களைக் கீழே போடுங்கள்

படிக்கத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்ற "காணாமல்போன நாளை" நாசா கண்டுபிடித்தது என்ற வாட்ஸ்அப் செய்தி உண்மையல்ல. டார்வின் மரணப் படுக்கையில் மனந்திரும்பினார் என்பதை அவருடைய பிள்ளைகளே மறுத்திருக்கிறார்கள். திருவள்ளுவர் அப்போஸ்தலன் தோமாவின் சீடர் என்பதற்கு ஆதாரம் இல்லை, தமிழறிஞர்கள் அதை ஏற்கவும் இல்லை. ரிக் வேதத்தின் பிரஜாபதி இயேசுதான் என்ற துண்டுப் பிரசுரத்தை ஒரு சமஸ்கிருத மாணவர் முன் நீட்டினால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

இவற்றை நல்லெண்ணத்தோடு பரப்புகிறவர்கள் நம் சபைப் பெரியவர்களே என்பதால் சொல்லச் சங்கடமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள். சத்தியத்தைச் சொல்லப் பொய் வேண்டாம்.

படி 4: மாதம் ஒரு கேள்வி, ஆழமாக

ஒரு செமஸ்டருக்கு நாலு கேள்விக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் குழு மூன்று வாரம் படிக்கட்டும். எப்படிப் படிப்பது என்பதற்கு இரண்டு உதாரணம் தருகிறேன்.

முதலாவது உயிர்த்தெழுதல். தொடங்க நல்ல இடம் 1 கொரிந்தியர் 15. பவுல் இந்த நிருபத்தைக் கி.பி. 55 வாக்கில் எழுதினார். இயேசு சிலுவையில் அறையப்பட்டது 30 அல்லது 33. அதாவது இடைவெளி கால் நூற்றாண்டுக்குள். அதிலும் பவுல், தான் "அடைந்ததை" ஒப்புவிப்பதாகச் சொல்கிறார், ஆகவே அந்தச் சாட்சிப் பட்டியல் நிருபத்தைவிடப் பழையது. கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவர் எருசலேமில் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும், இயேசுவின் சகோதரன் யாக்கோபைக் கண்டதையும் எழுதுகிறார். ஐந்நூறு பேருக்குமேல் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிற தொனி அது.

நான்கு சுவிசேஷங்களிலும் காலிக் கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. 2-ஆம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி இதை வைத்தே கேலி செய்தார். கதை கட்டுகிறவர்கள் இப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள். வேதத்துக்கு வெளியே, பிலாத்துவின் கீழ் இயேசு கொல்லப்பட்டதை 116 வாக்கில் ரோமச் சரித்திர ஆசிரியர் தாசித்துஸ் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடினார்கள் என்று 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்குக் கடிதம் எழுதுகிறார்.

இந்த ஆதாரம் எதுவரை போகும் என்பதையும் சொல்லுங்கள். தாசித்துஸ் சிலுவை மரணத்துக்குச் சாட்சி, உயிர்த்தெழுதலுக்கு அல்ல. சீஷர்கள் இயேசுவை உயிரோடு கண்டதாக உண்மையாகவே நம்பினார்கள் என்பதுவரை, விசுவாசமில்லாத வரலாற்றாய்வாளர்களிலும் மிகப் பலர் வருவார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதில்தான் பாதை பிரிகிறது. அந்த இடத்தை மறைக்காமல் காட்டும்போதுதான் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருகிறான்.

இரண்டாவது, "வெள்ளைக்காரன் மதம்" என்ற கேள்வி. இதற்கு, தோமா கி.பி. 52-இலேயே இந்தியாவுக்கு வந்தார் என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அது பழமையான பாரம்பரியம், ஆனால் வரலாற்றாய்வாளர்கள் அதில் ஒருமனப்படவில்லை. அதைவிட உறுதியான சான்று ஒன்று இருக்கிறது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849-ஐச் சேர்ந்தது. வேணாட்டு ஆட்சியாளர் அங்கிருந்த கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் இருக்கின்றன. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். ஏறத்தாழ 650 ஆண்டு இடைவெளி.

ஆனால் தமிழ்நாட்டு மாணவனிடம் அதோடு நிறுத்துவது நேர்மையல்ல. நம் சபைகளில் பெரும்பாலானவை மிஷனரிகள் வழியாக வந்தவை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் இறங்கிய தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் ஊர். அதே சமயம், மிஷனும் அரசும் ஒன்றாகவே நடந்தன என்பதும் சரியல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1813-வரை தன் பகுதிகளில் மிஷனரிகளுக்குப் பெரும்பாலும் தடையாகவே இருந்தது. சீகன்பால்கு தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு நூலே எழுதினார். ஜெர்மனியில் அவருக்குத் துணைநின்ற ஹாலே நகரத்தார் அதை அச்சிட விரும்பவில்லை. அது அச்சேறியது 1867-இல், சென்னையில். பதில் சொல்லும் முன் எதிரில் இருப்பவரின் நம்பிக்கையை அவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்ட ஒருவர் நமக்கு முன்னோடியாக இருக்கிறார் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அறிவியல் கேள்விகளுக்கு ஒன்று மட்டும். பரிணாமத்தைப் பற்றி விசுவாசிகளுக்குள்ளேயே வெவ்வேறு கருத்துகள் உண்டு, அப்படியே சொல்லுங்கள். உயிரியல் தெரியாதவர் உயிரியல் பேச வேண்டாம். உங்கள் சபையில் ஒரு டாக்டரோ பேராசிரியரோ இருப்பார், அவரை அழையுங்கள்.

படி 5: சாதி – இதற்குப் பதில் சொல்லாமல் வேறெதற்கும் பதில் சொல்ல முடியாது

"சபையில் சாதி இல்லை" என்று சொல்லாதீர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதிப்படி பிரிக்கும் சுவரைப் பற்றிச் செய்திகளில் படித்தவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். அப்படி ஒரு சுவரின் நிழலில் வளர்ந்தவனும் இருப்பான்.

பதில் ஒப்புக்கொள்வதில்தான் தொடங்க வேண்டும். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி அறவே கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் நம் முன்னோர் பலர் சாதியை விடாமல் சபையை விட்டுப் போனார்கள். இது நம் வரலாறு. அதைச் சொன்ன பிறகு கலாத்தியர் 2-ஐத் திறவுங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே அவரை எதிர்த்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. தனிப்பந்தி என்றால் என்ன என்று தெரிந்த ஊரில் இந்தப் பகுதிக்கு விளக்கவுரை தேவைப்படாது.

பின்பு வரும் கேள்வி இன்னும் கடினம்: "அப்போ நீங்க எந்த சாதியில கல்யாணம் பண்ணீங்க?" குழுவில் உள்ள ஒவ்வொருவரும் இதற்கு முன்கூட்டியே தங்களுக்குள் பதில் தேடி வைத்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் இதைப் பேசிய அன்று இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்.

படி 6: சபைத் தமிழைக் கழற்றி வையுங்கள்

நமக்குள் பேசும்போது தெரியாது. "தேவன்" என்றால் நமக்கு ஒரே கடவுள், பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தேவலோகத்தில் பலரில் ஒருவர், மதுரைப் பக்கம் ஒரு சாதிப் பெயரும்கூட. "பாவம்" என்றதும் அவருக்கு நினைவு வருவது "ஐயோ பாவம்". "இரட்சிப்பு", "கிருபை", "அபிஷேகம்" எல்லாம் அப்படித்தான். கடவுளைக் குறிக்கத் தமிழ்ச் சபையே ஒரு சொல்லில் நிலையாக நின்றதில்லை. சீகன்பால்கு சர்வேசுரன் என்றார், அவருக்குப் பின் வேதத்தை மொழிபெயர்த்த பப்ரிசியஸ் பராபரன் என்றார், பிற்பாடு தேவன் வந்தது, கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது. ஆகவே நீங்கள் "கடவுள்" என்று சொன்னால் விசுவாசத்தை விட்டுக்கொடுத்தவராக மாட்டீர்கள்.

பயிற்சி இது: உங்கள் சாட்சியை ஐந்து நிமிடம் செல்போனில் பதிவு செய்து, சபைக்கே வராத ஒரு நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். புரியாத சொல் வரும்போதெல்லாம் அவர் கை தூக்கட்டும். என் முதல் பதிவில் பதினேழு முறை கை எழுந்தது.

படி 7: கூட்டம்

இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், மைக்கும் மேடையும் வேண்டாம். சுண்டலும் டீயும் முதலில். பேச்சு பதினைந்து நிமிடம், கேள்வி ஒரு மணி நேரம். கேட்டவர் குறைந்தது இரண்டு முறை மறுகேள்வி கேட்ட பிறகே அடுத்தவருக்குப் போங்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஆழம் பார்ப்பதற்காகவே வரும், மனதில் உள்ளது மூன்றாவதாகத்தான் வெளிவரும்.

தெரியாததற்குத் "தெரியாது, அடுத்த வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று சொல்லி, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வியாழக்கிழமை கட்டாயம் சொல்லுங்கள். எந்த மதத்தையும், எந்தத் தலைவரையும் கேலி செய்யாதீர்கள், பெரியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பவுல் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைக் கண்டு மனம் கொதித்தார். ஆனால் மார்ஸ் மேடையில் வாய் திறந்தபோது, அவர்களுடைய பலிபீடத்திலிருந்தும் அவர்களுடைய புலவர்களிடமிருந்துமே பேச்சை எடுத்தார். விவாத மேடை அழைப்புகளை நான் ஏற்பதில்லை. கைதட்டல் யாருக்கு அதிகம் என்பதிலேயே அது முடிகிறது. இயேசுவை ஏற்றுக்கொள்ளும் தீர்மானத்துக்கு அழைக்கும் ஜெபத்தையும் இந்தக் கூட்டத்தில் வைக்காதீர்கள். கேள்வி கேட்க வந்தவரை வலைக்குள் வந்தவராக உணர வைக்கக் கூடாது.

படி 8: கேள்விக்குப் பின்னால் இருக்கிறவர்

"கடவுள் நல்லவர்னா ஏன் துன்பம்?" என்று கேட்பவரிடம் உடனே பதில் தொடங்காதீர்கள். "இதை எப்போலேர்ந்து யோசிக்கிறீங்க?" என்று கேளுங்கள். ஒரு மாணவி இதற்கு, "தை மாசத்துலேர்ந்து" என்றாள். தைமாதம் அவள் தம்பி கிணற்றில் விழுந்து இறந்திருந்தான். அன்று பதில் எதுவும் சொல்லவில்லை. குழுவின் அக்கா ஒருவர் அவளோடு விடுதிவரை நடந்து போனார், அவ்வளவுதான். யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள், பேசத் தொடங்கிய பிறகே கெடுத்தார்கள்.

தூக்கமின்மை, உயிரை விடும் பேச்சு இருந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை குழுவில் எல்லார் போனிலும் பதிந்து வையுங்கள்.

படி 9: உங்களை யார் கேள்வி கேட்பார்?

ரவி சகரியாஸ் 1946-இல் சென்னையில் பிறந்தவர். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களில் விசுவாசத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் பேசியவர். என் தலைமுறையில் பலர் அவரைக் கேட்டுத்தான் இந்த ஊழியத்துக்கே வந்தோம். 2020 மே மாதம் அவர் இறந்தார். 2021 பிப்ரவரியில் அவருடைய அமைப்பே வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவர் பெண்களிடம் நடந்துகொண்ட பாலியல் முறைகேடுகளை உறுதிப்படுத்தியது. மாணவர்கள் இதைக் கேட்பார்கள். "சாத்தானின் தாக்குதல்" என்று தள்ளாதீர்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னதை நெடுநாள் யாரும் நம்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் குழுவுக்கு விதி எழுதுங்கள். மூடிய அறையில் தனியாக ஆலோசனை இல்லை. இரவு பதினொன்றுக்கு மேல் தனி வாட்ஸ்அப் உரையாடல் இல்லை. காணிக்கைக் கணக்கு மாதாமாதம் எல்லார் முன்னும் வாசிக்கப்படும். பேச்சாளரைப் பற்றிய புகாரை அந்தப் பேச்சாளருக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் சொல்ல வழி இருக்க வேண்டும், அவர் பெயரை எல்லா மாணவிகளும் அறிந்திருக்க வேண்டும்.

படி 10: தொடர்ந்து வருகிறவர்களும் நோட்டும்

இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களோடு லூக்கா சுவிசேஷத்தை வாசியுங்கள். இருபத்துநாலு அதிகாரம், வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை செமஸ்டர் ஆகும். அவசரம் வேண்டாம். ஞானஸ்நானம் பற்றி அவர்களே கேட்டாலும் வீட்டில் பேசுவதற்கு நேரம் கொடுங்கள். அம்மா அப்பாவை எதிரியாக்கிக்கொள்ளச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

வேண்டாம் என்று போனவர்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புங்கள், அரியர் எழுதும்போது நோட்ஸ் கொடுங்கள்.

ஏப்ரலில், கடைசி ஆண்டு மாணவர்கள் போகும் முன், ஒரு சாயங்காலம் நோட்டை அடுத்த குழுவிடம் ஒப்படையுங்கள். எந்தக் கேள்விக்கு எந்தத் தேதியில் என்ன பதில் சொன்னோம், கேட்டவர் அதற்கு என்ன சொன்னார் என்பது வலது பாதியில் இருக்கட்டும். பதில் இல்லாதவற்றை அடித்துவிடாதீர்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், மொட்டை மாடித் தம்பி கேட்டதை நினைவிலிருந்து அவன் வார்த்தைகளிலேயே எழுதி வைத்திருக்கிறேன். எதிரே, அன்று நான் பேசாமல் விட்டதை எழுதினேன். அதற்குக் கீழே நாலு பேட்ச் மாணவர்கள் தங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் தன் ஊர்ப் பெயரை எழுதி, "எங்கள் சுவரை இடிக்கப் பஞ்சாயத்தில் பேசியிருக்கிறோம். இன்னும் முடியவில்லை" என்று தேதி போட்டிருக்கிறார்.